பெரியவளும் சின்னவளும்

சட்டைப் பையில் நோட்டுப் புத்தகம் இல்லை.

கண்ணாடிக்காரர் மறுபடி தடவிப் பார்த்தார். சட்டைப் பை, பேன்ட் பை, சாப்பாட்டுப் பை. எங்கேயும் இல்லை. எதிரே நாற்காலியில் ஒரு அம்மாள் சோதனைக் கண்ணாடியை மூக்கில் சுமந்துகொண்டு, சுவரிலிருந்த எழுத்துகளை வெறித்தபடி காத்திருந்தார்.

"இது தெளிவா இருக்கா? இல்ல, இது தெளிவா இருக்கா?"

"நீங்க இன்னும் கண்ணாடியே மாத்தலையே" என்றார் அம்மாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவருடைய தொழில் இதுதான். இதா அதா என்று ஊரைக் கேட்பது. கடைத்தெருவில் அவருக்குப் பெயரே 'இதா அதா'. ஊருக்கெல்லாம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மனுஷன், தனக்கென்று வந்தபோது நாற்பது நாளாக முடிவெடுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அந்தத் தவிப்பு முழுக்க அந்த நோட்டில்தான் இருந்தது.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் பெரிய டிவி ஒன்று வாங்கிவிட்டு, வாய் ஓயாமல் அதைப் பற்றியே பேசினார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்பவர், தன் வாயை மூடவே இல்லை. பொறுக்க முடியாமல் ஒருநாள் கண்ணாடிக்காரர் சொல்லிவிட்டார். "கால்பந்து ஃபைனலுக்கு நம்ம வீட்டுக்கு வாங்க சார். பத்தடிச் சுவர் முழுக்கப் பந்து உருளும்."

சொன்னபோது அவரிடம் சுவர் மட்டும்தான் இருந்தது. ப்ரொஜெக்டர் இல்லை.

வாங்கலாமென்றால் குறுக்கே ஒரு சத்தியம் நின்றது. போன வருஷம் உடம்பைக் குறைக்கிறேன் என்று நடை மெஷின் ஒன்று வாங்கினார். மூன்று நாள் அவர் நடந்தார். நான்காம் நாளிலிருந்து அதில் துண்டு காய்ந்தது. அதற்காக, "இனிமே உன்னைக் கேக்காம ப்ளக் வெச்ச எதையும் வாங்க மாட்டேன்" என்று மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். கேட்டால் மறுப்பாள் என்ற பயத்தில், முதலில் வாங்கி மாட்டிவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டார்.

கடைத்தெருக் கோடியில் ஒரு மின்சாதனக் கடை. அங்கே பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று என்று இரண்டு ப்ரொஜெக்டர்கள் அவர் தூக்கத்தைக் கெடுத்தன. தினமும் சாப்பாட்டு இடைவேளையில் போய் மாற்றி மாற்றிப் பார்ப்பார். அவர் தலையைக் கண்டதும் கடைக்காரர் விளக்கை அணைத்து, இரண்டையும் போட்டுவிட்டு, தானும் சாப்பிடப் போய்விடுவார். பார்த்ததையெல்லாம் நோட்டில் குறித்தார். மனைவி கையில் கிடைத்தாலும் விளங்கக்கூடாது என்று மறைபெயரில் குறித்தார். பெரிய மெஷின் 'பெரியவள்'. சின்ன மெஷின் 'சின்னவள்'.

அந்தப் புத்திசாலித்தனம்தான் இப்போது வினையாக வந்து நின்றது. எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

'பெரியவள்: வெளிச்சம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அரை மணியில் சூடாகிவிடுகிறாள். மூச்சுச் சத்தமும் கேட்கிறது.'

'சின்னவள்: சத்தமே இல்லை. பத்தடி தள்ளி நின்றால்தான் முழுசாகத் தெரிகிறாள். சொக்கிப் போனேன்.'

'இருவரையும் ஒன்றாக இருட்டறையில் வைத்துப் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும்.'

எல்லாவற்றுக்கும் கீழே, இரண்டு கோடு போட்டு: 'வீட்டுக்காரிக்குத் தெரியாமல் ஒருத்தியை உள்ளே கொண்டுவர வேண்டும்.'

நேற்றுப் போட்ட சட்டையில் நோட்டு இருந்தது. இன்றைக்குத் துணி துவைக்கும் நாள். "நாளைக்கு வாங்கம்மா, இன்னிக்கு எனக்கே கண்ணு இருட்டுது" என்று அம்மாளை அனுப்பிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

மனைவி தையல் டீச்சர். பின்னறையில் எட்டுப் பெண்களுக்கு வகுப்பு எடுக்கிறாள். அங்கிருந்த கரும்பலகை முறத்தளவு. முன்னால் நிற்கும் மூன்று பேருக்குத்தான் அளவுக்கோடு தெரியும், மற்ற ஐந்து பேர் முதுகைப் பார்த்துத் தையல் கற்றார்கள். பெரிய பலகை வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் இரண்டு வருஷமாக "பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் நுழைந்தபோது வகுப்பு முடிந்திருந்தது. மேஜைமேல் பெரிய கத்தரிக்கோல். அதன் பக்கத்தில் நோட்டு. கண்ணாடிக்காரர் கத்தரிக்கோலைத்தான் முதலில் பார்த்தார்.

"வாங்க. யாரு அந்தச் சின்னவ?"

"அது... அது வந்து... கடையில..."

"நம்ம கடையிலயா?"

"இல்லம்மா. கோடியில இருக்கே, அந்தக் கடையில."

"அங்க வேலை செய்றாளா?"

"வேலை நல்லாத்தான் செய்யுது... செய்றா... ஐயோ, அது ஆளே இல்லம்மா!"

"ஆளே இல்லாமத்தான் மூச்சு விடறாளா? சூடாகறாளா? நாப்பது நாளா எனக்குப் படம் காட்டியிருக்கீங்க!"

"இன்னும் வாங்கவே இல்லையே, எப்படிப் படம் காட்டுவேன்?" என்று கத்திவிட்டார் கண்ணாடிக்காரர். "ப்ரொஜெக்டர்ம்மா! ரெண்டும் ப்ரொஜெக்டர்! சத்தியத்துக்குப் பயந்து பேரை மாத்தி எழுதினேன்!"

மனைவி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு உடைந்துபோனது. இப்படியா எழுதுவான் ஒருத்தன் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

"நம்ப மாட்டேன்" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. "அவளுங்களை எனக்குக் காட்டுங்க."

உடனே கிளம்பினார்கள். கடைக்காரர் பழக்கத்தில் விளக்கை அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்க. ஜன்னலையும் திறங்க. வெளிச்சத்துல எது தெரியுது?"

"பெரியதுதாம்மா."

"மெல்லிசு கோடு பிசிறில்லாம விழுமா?"

"விழும்."

"அசையாத ஒரே படத்தை ரெண்டு மணி நேரம் போட்டு வெச்சா தாங்குமா? ஃபோன்ல எடுத்த படத்தைப் போடலாமா?"

"தாராளமா."

"அப்ப பெரியவளே வரட்டும்" என்றாள் மனைவி. நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணாடிக்காரர் சின்னவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள். அவர் அதற்கப்புறம் திரும்பவில்லை.

அசையாத படத்தை எவனாவது இரண்டு மணி நேரம் பார்ப்பானா என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குற்றமும் போய், சத்தியமும் போய், மெஷினும் கைக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரை நிர்வாணமாக்கினார். காலண்டரை எடுத்தார், அலமாரியை நகர்த்தினார், ஏணி போட்டு இரண்டு கை வெள்ளை அடித்தார். நடை மெஷினை மாடிக்குச் சுமந்தபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதையும் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். பல் டாக்டரை வாசலிலேயே எதிர்கொண்டு, மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை அழைப்பதுபோல் உள்ளே அழைத்து வந்தார்.

கூடத்தில் எட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள். பத்தடிச் சுவர் முழுக்க ஒரு சட்டைக் கழுத்து. மனைவி கையில் நீளக் குச்சி.

"என்னம்மா இது?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஞாயிறு மதியமும் வகுப்புங்க. இப்பத்தான் எட்டுப் பேருக்கும் தெரியுது."

"ஃபைனல்ம்மா!"

"இதுங்களுக்கும் ஃபைனல்தான். அடுத்த வாரம் பரீட்சை."

டாக்டர் சுவரை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன சார், கோல்னு கூப்பிட்டீங்க. காலர் காட்டறீங்களே?" அவர் பல் அத்தனையும் தெரிந்தது. "வாங்க, நம்ம வீட்டுலயே பார்க்கலாம். சின்ன டிவிதான். பரவாயில்லையா?"

டாக்டர் முன்னால் நடந்தார். செருப்பை மாட்டும்போது கண்ணாடிக்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது. மனசுக்குக் கஷ்டம் வந்தால் நோட்டை எடுத்துப் புரட்டுவது நாற்பது நாளில் வந்த பழக்கம். இதுவரை முன்பக்கங்களையே புரட்டியவர், இன்றைக்குக் கடைசித் தாளைத் திருப்பினார். அங்கே தையல் பென்சிலில், மனைவியின் குண்டு எழுத்தில், மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். மேலே போட்டிருந்த தேதி, அந்தக் கத்தரிக்கோல் நாளுக்குச் சரியாக மூன்று வாரம் முந்தியது.

'வீட்டுக்காரி: வெளிச்சம், எல்லாம் தெரியும். சத்தம், தேவைப்பட்டால் மட்டும். உத்தரவாதம், ஆயுள் முழுக்க. ரிமோட், இவள் கையில்.'