பத்தொன்பதாம் பாட்டில் காலமானவள்

ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறது என்று நிரூபிக்க வரைபடம் போதாது, தபால் ஆபீஸ் போதாது; அங்கேயே பிறந்து அங்கேயே சாகிற ஜனங்கள் சுத்தமாகப் போதாது. அந்த ஊரைப் பற்றி, கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமியப் பாட்டுப் பாடும் ஒருவன் ஆல்பம் போடவேண்டும். ஒற்றை ஆல்பம் என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. இரட்டை ஆல்பம் வந்துவிட்டால் மேல்முறையீடே கிடையாது.

அந்த வகையில், வட அலபாமாவில் நூற்றுநாற்பது வருஷமாக இருந்துவருவதாக வீணாக நினைத்துக்கொண்டிருந்த பிளம் ஃபோர்க், மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில்தான் முறைப்படி தோன்றியது. அன்றுதான் அந்த மண்ணின் மைந்தன் ட்ரேஸ் மெக்கேபியின் 'பிளம் ஃபோர்க் மண்' வெளியானது. இருபத்தாறு பாட்டு. ஊரில் ஆளுக்கொன்று பிரித்துக்கொடுக்க முடியாவிட்டாலும் தெருவுக்கு மூன்று வீதம் கொடுக்கலாம்.

அதே காலையில் அதே ஊரில் ஓலீட்டா கிரிம்ஸ்லி காலமானாள். அப்போது அவள் தன் சாப்பாட்டுக் கடையில் பன்றிக்கறி வறுத்துக்கொண்டிருந்தாள்.

ரேடியோவில் பத்தொன்பதாவது பாட்டு. 'மிஸ் ஓலீட்டா பரலோகத்தில் பிஸ்கட் சுடுகிறாள், தேவதூதர்கள் தட்டேந்தி வரிசையில் நிற்கிறார்கள்' என்று ட்ரேஸ் உருகினான். டிராக்டர் மெக்கானிக் ஹார்மன் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"மிஸ் ஓலீட்டா, இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்துங்க" என்றார் கோப்பையை நீட்டி.

"யோவ் ஹார்மன், நான் இங்கதான்யா நிக்கிறேன்!"

"அது தெரியுது. இருந்தாலும் பாட்டு மனச என்னமோ பண்ணுதே."

தவறு ட்ரேஸுடையது அல்ல, கல்லுடையது. பிளம் ஃபோர்க்கில் புருஷன் போனால் கல்லறையில் பெண்டாட்டி பெயரையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். அவள் பிறந்த வருஷம் இருக்கும், ஒரு கோடு இருக்கும், கோட்டுக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் தன் புருஷன் ஹாய்ட் கிரிம்ஸ்லி போனபோது ஓலீட்டாவும் அப்படித்தான் வெட்டவைத்தாள். வருஷம் ஒருமுறை போய்த் தன் பெயர்மேல் படிந்த பாசியைத் தானே தேய்த்துக் கழுவிவிட்டு வருவாள். இரண்டு வருஷத்துக்கு முன் தன் மாமா ஒருவரின் அடக்கத்துக்கு வந்த ட்ரேஸ், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இருபது நிமிஷம் நின்றான். அந்தக் கல்லைப் பார்த்தான். காலி இடத்தில் செத்த வருஷத்தைக் கறுப்புக் கண்ணாடியே நிரப்பிவிட்டது. கடை அங்கிருந்து முந்நூறு அடிதான். எட்டிப் பார்க்க நேரமில்லாமல், காரில் அழுதுகொண்டே பாட்டுத் தொழிலின் தலைநகரான நாஷ்வில் போய்ச் சேர்ந்தான். அங்கே ஏழு பாடலாசிரியர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து அவன் துக்கத்துக்கு எதுகை பார்த்துக் கொடுத்தார்கள்.

ஏப்ரலில் ரசிகர்கள் வர ஆரம்பித்தார்கள். கல்லின்மேல் பூ வைத்தார்கள். அழுத அலுப்பில் பசித்து, அவள் கடையிலேயே வந்து தின்றார்கள். ஒஹையோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி, செத்தவர் பெயரை வைத்துப் பிழைப்பதாக ஓலீட்டாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்டுவிட்டுப் போனாள்.

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து நகரசபை கூடியது. முதல் தீர்மானம்: ஆல்பத்தின் முதல் பாட்டு 'செம்மண் ரோடு' என்பதால், ஊரார் பதினான்கு வருஷம் மனுப்போட்டு வாங்கிய தார் ரோட்டைப் பெயர்த்துவிடுவது. ஏகமனதாக நிறைவேறியது. இரண்டாவது: எட்டாம் பாட்டில் ரயில் கூவுகிறபடியால், எப்போதோ நின்றுபோன ரயிலின் கூவலைத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒலிபெருக்கி கட்டி வழங்குவது. அதுவும் நிறைவேறியது. மூன்றாவது: 'ஓலீட்டா கிரிம்ஸ்லி தொடர்ந்து உயிருடன் இருப்பது சம்பந்தமாக.'

மேயர் வெண்டல் பிகெட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். டவுசர் போட்ட காலத்திலிருந்து அவள் கையால் தின்று வளர்ந்தவர்.

"மிஸ் ஓலீட்டா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கள யாரும் சாகச் சொல்லல."

"பின்ன?"

"காலைல பத்து மணிலேருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் மட்டும்."

பாதிரியார் லாமர் ஆறுதலாகச் சேர்ந்துகொண்டார். "ஞாயித்துக்கெழம நீங்க எப்பவும்போல முன் பெஞ்சுலயே உக்காரலாம் சகோதரி. தொப்பிய மட்டும் கொஞ்சம் முன்னால எறக்கிவிட்டுக்கங்க."

கல்லில் காலியாக இருக்கும் இடத்தில் வருஷத்தை வெட்டுவது, ஊர் எல்லைப் பலகையில் 'மக்கள் தொகை 612' என்பதை 611 ஆக்குவது என்று இரண்டு 'சிறு திருத்தங்கள்' வாசிக்கப்பட்டன.

"ஏண்டா வெண்டல், எனக்கு எழுபத்தொரு வயசு. கொஞ்சம் பொறுத்தா நானே செத்துத் தொலைச்சிருப்பேனே!"

"ட்ரேஸ் மே மாசமே வர்றாரே, மிஸ் ஓலீட்டா. உங்க கல்லுக்கு முன்னால நின்னு பாடறாரு. டீவிக்காரங்களும் வர்றாங்க."

ஓலீட்டா எழுந்து நின்றாள். "ஆண்டவர் உன் மனச ஆசீர்வதிக்கட்டும்ப்பா" என்றாள்.

சபை விக்கித்துப்போனது. பிளம் ஃபோர்க்கில் யாரும் யாரையும் முட்டாளே, நன்றிகெட்டவனே என்று திட்டுவதில்லை, அது அநாகரிகம். இந்த ஆசீர்வாதத்தைத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவன் ஒரு வாரம் தலைநிமிர மாட்டான்.

"அந்த ட்ரேஸ், ஸ்கூல் பஸ்ஸுக்கு முன்னாடி பத்து வருஷம் என் மூணாவது ஸ்டூல்ல உக்காந்து தின்ன புள்ள" என்றாள் அவள். "ரெண்டாவது பிஸ்கட் வேணும்னா பாடுடான்னுவேன். பாடுவான். அவனுக்கு மொதமொதல்ல கை தட்டினவ நான். வரட்டும். என் மூஞ்சியப் பாக்கட்டும். அடையாளம் தெரிஞ்சுதுன்னா எல்லாரும் வாயப் பொத்திக்கிட்டு ரோட்டுக்கு மறுபடி தார் போடணும். தெரியலேன்னா வருஷத்த வெட்டிக்கங்க. நான் குறுக்க நிக்கல."

மே மாதம், கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஓக் மரத்தடியில் நீள மேஜைகள், கோழி வறுவல், உருளைக்கிழங்கு சாலட். ஓலீட்டா அந்தக் காலத்து நீலக் கட்டம்போட்ட ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி இரண்டுதரம் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டாள். வெண்டலுக்காகவோ ரோட்டுக்காகவோ அல்ல. அந்தப் பயல் 'மிஸ் ஓலீட்டா' என்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. தட்டு நிறைய, அந்த ஊரில் பிஸ்கட் என்று சொல்கிற சூடான மெத்து ரொட்டியோடு தன் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

ட்ரேஸ் வந்தான். பாடினான். தேவதூதர்கள் தட்டேந்தினார்கள். டீவி கேமராவுக்காகக் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றினான். பாட்டு முடிந்ததும் நேராக அவளிடம் வந்தான். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"பிஸ்கட்டா!" என்று ஒன்றை எடுத்துக் கடித்தான். கண்ணை மூடி மென்றான். ஓலீட்டா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குங்க மேடம்" என்றான் ட்ரேஸ். "ஆனா அவங்க கைப்பக்குவம் வராது." கல்லைத் தொட்டு முத்தமிட்டான். "நீங்களும் அவங்களத் தெரிஞ்சவங்களா?"

"உன் அளவுக்கு இல்லப்பா" என்றாள் ஓலீட்டா.

இப்போது யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். வெண்டல் தன் பூட்ஸில் ஏதோ ஒட்டியிருக்கிறதா என்று ஆராய்ந்தார். பாதிரியார் லாமர் வானத்தில் ஒரு மேகத்தைக் கண்டுபிடித்தார். ஹார்மன் தொப்பியைக் கழற்றினார்.

"ஆண்டவர் உன் மனச ஆசீர்வதிக்கட்டும்" என்றாள் ஓலீட்டா.

கூட்டம் திடுக்கிட்டது. ட்ரேஸுக்கோ கண் கலங்கிவிட்டது. "அடடா, என்ன அருமையான வார்த்தை! இது எங்க ஊர் மண்ணுக்கே உரிய அன்புங்க. அடுத்த ஆல்பத்துக்கு இதான் தலைப்பு!" என்று அவளைக் கட்டிப்பிடித்தான். பலத்த கைத்தட்டல். ஊர்க்காரர்களும் தட்டினார்கள்.

ஓலீட்டா அவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களையும்தான்" என்றாள். பிஸ்கட் தட்டை ஹாய்ட் பெயருக்கு மேல் வைத்துவிட்டு நடந்தாள்.

திங்கட்கிழமை பொழுது விடிந்ததும் கல்தச்சன் உளியோடு வந்தான். எல்லைப் பலகையில் 611 எழுதிய பெயிண்ட் இன்னும் காயவில்லை. வேலையை ஆரம்பிக்குமுன் ஒருவாய் சாப்பிடலாம் என்று எல்லோரும் வழக்கம்போல் கடைக்குப் போனார்கள்: வெண்டல், லாமர், ஹார்மன், பிரசித்திபெற்ற மூன்றாவது ஸ்டூலைப் படமெடுக்க டீவிக்காரர்கள், கூடவே ட்ரேஸும். கதவு பூட்டியிருந்தது. உள்ளே கறி வறுபடுகிற வாசனை வந்தது.

"மிஸ் ஓலீட்டா, கதவத் தெறங்க, பசிக்குது!" என்று வெண்டல் கண்ணாடியைத் தட்டினார்.

"யாரு, மிஸ் ஓலீட்டாவா?" என்று ட்ரேஸ் திகைத்தான்.

எல்லோரும் கதவில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஓலீட்டாவின் கொட்டை எழுத்து:

'ஓலீட்டா கிரிம்ஸ்லி நேற்று இறந்துவிட்டாள். வேடிக்கை பார்த்தவர்கள் 611 பேர்.'