ஈர வேட்டி வேண்டுதல்

'ஒண்ணுமில்லை' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரியிலிருந்து தையலோடு திரும்பியிருப்பார். யார் நலம் விசாரித்தாலும் "எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே, உட்கார்ந்த இடத்துக்கும் கழிவறைக்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருப்பார்.

வேங்கிக்கால் குமரேசன் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நடந்தது புராஸ்டேட் ஆபரேஷன். ஊருக்குச் சொன்னது ஹெர்னியா. ஹெர்னியா என்றால் கனமான எதையோ தூக்கிய கௌரவமாவது இருக்கிறதல்லவா? டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: சில மாதம் சிறுநீர் கசியும், இருமினால் கசியும், சிரித்தால் கசியும், அடக்குவதுபோல் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள், அதுவரை பேட் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். குமரேசன் தண்ணீரை மட்டும் குறைத்தார். பேடா? அது குழந்தைகள் சமாசாரம். பயிற்சியா? வெளியே யாருக்கும் தெரியாது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. கல்யாண வீட்டில் ஓரத்து நாற்காலி, கீழ்பென்னாத்தூர் மகள் வீட்டு விசேஷத்துக்கு "வெயில் ஜாஸ்தி" என்று சாக்கு. சிரிப்பதையும் நிறுத்திவிட்டார். ரிடையர் ஆனதும் மனுஷருக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று தெருவே மெச்சியது.

ஆனால் பௌர்ணமி கிரிவலத்தை விட முடியுமா? வெகுகாலமாக நண்பர் வேணுவோடு மலையைச் சுற்றுகிறவர்; நின்றால் ஊர் ஏன் என்று கேட்கும். மனைவி ரேணுகாம்பாளும் கூட நடந்தார். வழியில் இருக்கும் ஒவ்வொரு லிங்கத்தின் முன்னாலும் "நீங்க போங்க, நான் நிதானமா கும்பிட்டுட்டு வரேன்" என்று பின்தங்கினார் குமரேசன். அவர் எந்தக் கதவைத் தேடிப் போனார் என்பது சாமிக்கும் ரேணுகாம்பாளுக்கும்தான் தெரியும்.

அடி அண்ணாமலையைத் தாண்டும்போது சாம்பிராணிப் புகை மூக்கில் ஏறியது. ஒரே தும்மல். வேட்டியின் முன்புறம் நனைந்துவிட்டது. வேணு திரும்புகிறார். குமரேசன் என்ன செய்தார் தெரியுமா? கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

"என்னாங்க இது?" என்றார் வேணு.

"வேண்டுதலுங்க. ஈர வேட்டியோட மலையைச் சுத்துறேன்னு வேண்டிக்கினேன்."

திருவண்ணாமலையில் ஈர வேட்டியை யார் சந்தேகப்படுவார்கள்? பக்கத்தில் வந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்த பௌர்ணமிக்கு வேணுவும் சொட்டச் சொட்ட வந்து நின்றார், தானும் வேண்டிக்கொண்டதாக. அதற்கடுத்ததில் அதே வயதில் ஒரு கூட்டமே சேர்ந்துகொண்டது. ஈரத்தோடு நடந்தால் ஜலதோஷம், ஜலதோஷம் வந்தால் தும்மல், தும்மினால் கசிவு, கசிந்தால் மறுபடியும் பாட்டில். கடைசியில் குமரேசன் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் படுத்தார். அப்போதும் ஒண்ணுமில்லைதான். ஆனால் உள்ளுக்குள் மனிதர் பயந்துபோயிருந்தார், பாவம். இனி ஆயுசுக்கும் நனைந்தே நடக்க வேண்டுமோ என்ற பயம்.

ரேணுகாம்பாள் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

"மெடிக்கல்ல பேட் கேட்டேன். யாருக்குனு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரருக்குனு சொன்னேன். கடை ஒண்ணும் இடிஞ்சி விழல."

குமரேசன் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். பிறகு மெல்ல, "கதவைச் சாத்து" என்றார்.

காய்ச்சல் விட்டதும் பயிற்சியும் தொடங்கியது. டிவியில் செய்தி பார்க்கும்போது செய்தார். நாட்டு நிலைமைக்காக முகத்தைச் சுளிக்கிறார் என்றுதான் வந்தவர்கள் நினைத்தார்கள். அடுத்த கிரிவலத்துக்கு உலர்ந்த வேட்டியில் போனார். ரேணுகாம்பாள் ஏதோ சொல்ல, ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அந்தத் தைரியத்தில், நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த வேணுவை ஓரமாகக் கூட்டிப்போய், ஹெர்னியாவில் ஆரம்பித்து பேட் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மலையைச் சுற்றியதைவிட அதுதான் அவருக்குப் பெரிய நடை.

வேணு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எனக்கு அப்பிடி ஒண்ணுமில்லீங்களே" என்றார், அடுத்த பாட்டிலைத் திறந்தபடி.

ஆகவே, வாசகரே, பௌர்ணமிக்கு இங்கே வந்தால் ஈர வேட்டிக்காரர்களைக் கண்டு தாராளமாகக் கும்பிடுங்கள். நீங்கள் அந்த இனமே இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்தான். இதைப் படித்துச் சிரித்தபோதெல்லாம் காலை ஏன் இறுக்கிக்கொண்டீர்கள்?