முன்வரிசை ஆட்டக்காரனுக்கு நற்சான்றிதழ்

ஆட்களை எடைபோடுவதில் எனக்கு நிகர் நானே என்று இருபத்தாறு வயதில் நம்பியிருந்தேன். (யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸின் லா சப்பலில் அறைக்கு ஆறு பேராக இருந்த நாங்கள் ஓர் உதைபந்தாட்ட அணி தொடங்கினோம். பந்து என்னுடையது என்பதால் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் தெரிவாளனும் நானே. புறநகரான கார்ஜில் இருந்த தமிழ்ப் பெடியளோடு முதல் போட்டி. முன்வரிசைக்கு இன்னும் ஒருவர் தேவைப்பட்டார்.

சீலனின் காலில் பந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஞாயிறுதோறும் மூன்று மணியானால் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் போய்விடுவான். சீட்டு விளையாடப் போகிறான் என்றார்கள். உணவகமொன்றில் கோப்பை கழுவும் ஜெராட்டுக்கோ பந்து எந்தப் பக்கம் போகுமென்று அவனுக்கே தெரியாது. ஆனால் கடைசிவரை நிற்பான், வலையையும் சுருட்டி வைப்பான்.

திறமையா, குணமா? இரண்டு நாள் நித்திரையில்லை. பிறகு என் யாழ்ப்பாணத்து மூளை வேலை செய்தது. இருவரிடமும் நற்சான்றிதழ் கேட்டேன்.

விசாவுக்காகப் பிரெபெக்சர் அலுவலகத்தில் காட்டவென்று வைத்திருந்த கடதாசிகளுக்குள் தேடி, ஜெராட் தன் பாடசாலை அதிபரின் கடிதத்தை நீட்டினான். "அடக்கமும் பணிவும் உள்ளவர்" என்றிருந்தது.

சீலன் சிரித்தான். "எழுதித் தாற அளவுக்கு என்னைத் தெரிஞ்ச ஆள் இஞ்சை ஒருத்தரும் இல்லை அண்ணை."

"அப்ப அடுத்தமுறை பாப்பம்" என்றேன், நீதவான் தோரணையில். புதிதாக வாங்கிய பூட்ஸைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

அதிபர் பொய் எழுதவில்லை. போட்டியில் ஜெராட் யாரோடு மோதினாலும் "சொறி அண்ணை" என்று கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அதற்குள் அந்த அண்ணையின் கூட்டாளி கோல் போட்டுவிடுவான். ஒருமுறை எதிரணிக் கோல் காப்பாளர் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் கட்டி முடிக்கும்வரை பந்தோடு காத்து நின்றான். ஐந்துக்குப் பூச்சியம்.

"வேலைக்குப் பிந்தேல்லையோ?" என்று ஆட்டம் முடிந்ததும் ஜெராட்டிடம் எரிச்சலோடு கேட்டேன்.

"இல்லை அண்ணை. ஞாயிறில மூண்டு மணியிலயிருந்து எனக்குப் பதிலா சீலன் அண்ணைதான் கோப்பை கழுவுறவர். முதலாளிக்கு எங்களில ஆர் ஆரெண்டு தெரியாது. வெளியில சொன்னால் ரண்டு பேற்றை வேலையும் போயிடும்."

"இண்டைக்கு?"

"இண்டைக்கும்தான்."

அந்த உணவகத்தின் பின்கதவுக்குப் போனேன். முழங்கைவரை சவர்க்கார நுரையோடு சீலன் எட்டிப் பார்த்தான். "வெண்டிட்டமோ அண்ணை?"

நான் வெளியே தள்ளியிருந்தும் அவன் 'நாங்கள்' என்றே நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஏன்ரா என்னட்டைச் சொல்லேல்லை?"

"எங்கை போறாயெண்டு நீங்கள் கேக்கேல்லையே. நற்சான்றிதழ் எல்லோ கேட்டனீங்கள்."

அடுத்த போட்டியில் சீலன் முன்வரிசையில் ஆடினான். அன்று அங்கே கோப்பை கழுவியது தெரிவாளன்.

போன வருடம் மகள் தான் விரும்பிய பெடியனை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். அவ்வளவுதான், மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: "தம்பி, நற்சான்றிதழ் கொண்டுவந்தனீங்களோ?" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெடியன் ஒன்றும் விளங்காமல் முழித்தான்.

சாப்பாடு முடிந்ததும் அவன் தானாகவே எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவத் தொடங்கினான். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.