ஆலைக்கு வந்த ஷெப்பு

"நான் போறேங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆதிமூலம் நடையைக் கட்டினான்.

சுப்பராயலுவுக்கு வாயிலிருந்த வெற்றிலை இறங்கவில்லை. பாகூரில் அவருடைய கரும்பாலையில் வெல்லப்பாகு காய்ச்சுகிறவன் ஆதிமூலம். இத்தனை வருஷத்தில் வேலை முடிந்து கிளம்பும்போது "வரேங்க ஐயா" என்றுதான் சொல்லியிருக்கிறான். இன்றைக்குப் "போறேன்" என்கிறான்!

"வேலம்மா, கேட்டியா? போறேன்றான்!"

அவர் மனைவி வேலம்மாள் முறத்தோடு வந்தாள். "போறவன் போறேன்னுதானே சொல்லுவான்?"

"வரேன்னு சொல்றவன் காலையில வருவான். போறேன்னு சொல்றவன் போயே போயிடுவான்டி. அக்கரைச் செல்லப்பன் வேலைதான் இது!"

பாகூர் பிரெஞ்சுக்காரன் சீமை; பக்கத்துச் சோரியாங்குப்பத்தில் ஆறு தாண்டினால் இங்கிலீஷ்காரன் சீமை. அங்கே செல்லப்பனும் ஓர் ஆலை வைத்திருந்தான். அவன் வெல்லம் கறுப்பு. கடித்தால் மண் நறநறக்கும். பாகூர் வெல்லமோ பொன் நிறம். அந்தப் பெருமையில்தான் சுப்பராயலு மீசையே வளர்த்திருந்தார். என் ஆலை, என் வெல்லம், என் ஆதிமூலம் என்று பேசுகிறவர் மாட்டையும் விட்டுவைக்கவில்லை. "செவலையா? அது எங்க வூட்டுப் புள்ள!" என்று கொம்யூன் என்கிற அந்தப் பிரெஞ்சு வட்டாரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆலை இழுத்த அந்தச் செவலை அன்று மத்தியானம்தான் கண்ணை மூடியிருந்தது. மாடு போன அன்றே ஆளும் போனால் ஆலை என்னாவது?

"கூலியக் கூட்டிக் குடுங்களேன்" என்றாள் வேலம்மாள்.

"அத செல்லப்பனும் குடுப்பான். அவன் குடுக்காத மரியாதைய நான் குடுக்கறேன் பாரு."

மறுநாள் இரவல் மாடு ஆலையை இழுக்க, ஆதிமூலம் வழக்கம்போல வந்து நின்றான். சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று நினைத்த சுப்பராயலு முந்திக்கொண்டார்.

"ஆதிமூலம், இன்னைலேருந்து நீ ஷெப்புப்பா!"

"அப்டின்னா இன்னாங்க?"

"கொம்யூன் ஆபீசுல எல்லாருக்கும் பெரியவரா ஒருத்தர் இருக்காரே, அவரு. பிரெஞ்சுல அதான் ஷெப்பு."

ஆதிமூலத்துக்கு உடம்பெல்லாம் பூரித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கொப்பரையை ஒரு சுற்று சுற்றி வந்தான். பாகு பொங்கியது. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"துடுப்பப் போடுப்பா!" என்று அலறினார் சுப்பராயலு.

"கொம்யூன் ஆபீசுல ஷெப்பு வேலை செஞ்சு நீங்க பாத்திருக்கீங்களா ஐயா?"

அவன் கேலி செய்யவில்லை; சந்தேகத்தைத்தான் கேட்டான். சுப்பராயலு யோசித்துப் பார்த்தார். ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுப்பெரிக்கிற குழந்தைவேல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அனல்ல வேகறவன் நானு. பட்டம் அவனுக்கு மட்டுந்தானா?"

இவனும் போய்விட்டால்? சுப்பராயலு கொம்யூன் ஆபீசுக்கு ஓடி, ஷெப்புக்கு அடுத்த பதவி என்னவென்று விசாரித்து, மூச்சிரைக்கத் திரும்பினார்.

"குழந்தைவேலு, உனக்கும் இருக்குடா! நீ சூ-ஷெப்பு!"

"இன்னா ஷெப்பு?"

"சூ!"

"அவன் ஷெப்பு, நான் மட்டும் சூவா? கோழியாங்க நானு?"

"பிரெஞ்சுடா!"

"எந்த பாஷையில வெரட்டினாலும் வெரட்டறதுதானே?" அவன் கரும்புச் சக்கையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

சுப்பராயலு வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு கையால் அடுப்பில் சக்கையைத் தள்ளி, மறு கையால் துடுப்பைப் பிடித்தார். "அடி புடிக்காமக் கிண்டுங்க ஐயா" என்று ஷெப்பு பக்கத்தில் நின்று உத்தரவு போட்டான். பாகு புகைந்து, கருகி, தார் மாதிரி இறங்கியது.

வேலம்மாள் ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தாள். "செல்லப்பன் வெல்லமே தேவலாங்க."

அவரை யாரும் அப்படி அடித்ததில்லை. பட்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம், காலையில் ஆதிமூலத்தின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிடுவது என்று முடிவு செய்தார்.

காலையில் ஆதிமூலம் வரவேயில்லை.

அவன் வீட்டுக்கு ஓடினார். அவன் மனைவி காசம்மாள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆதிமூலம் எங்கம்மா?"

"அக்கரைக்குப் போயிருக்காருங்க."

சுப்பராயலு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு! செல்லப்பன்கிட்டயா?"

"அந்தாளுகிட்டயா? செல்லப்பன் ஆளனுப்பினப்பவே எங்க வூட்டுக்காரரு, 'பாகூர் வெல்லம் காச்சின கை கண்டதையும் கிண்டாது'ன்னு தொரத்தி வுட்டாரே! மாட்டுச் சந்தைக்குப் போயிருக்காருங்க. செவலை எடத்துக்கு நல்ல மாடாப் பாக்கணும், ஷெப்பு பாக்காம வேற யாரு பாப்பாங்கன்னு கெளம்பிட்டாரு."

சுப்பராயலுவின் கண் கலங்கியது. மீசை தானாக நிமிர்ந்தது. "என் ஆளும்மா அவன்! இந்தச் சீமையில எவன்கிட்ட இருக்கான் இப்டி ஒருத்தன்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பிறகு சட்டென்று கோபம் வந்தது.

"அப்புறம் ஏம்மா அன்னைக்குப் 'போறேன்'னு சொன்னான்? என் உசுரே போயிடுச்சே!"

காசம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"'செவலை எங்க வூட்டுப் புள்ள'ன்னு ஊரெல்லாம் சொன்னது நீங்கதானேங்க? எழவு வூட்டுல யாராவது 'வரேன்'னு சொல்லிட்டுக் கெளம்புவாங்களா?"