ஏழு வண்டித் திருஷ்டி

"உனக்கு ஏதாச்சும் வேணுமா? கேளு."

"கேட்டாக் குடுப்பீங்களா?"

"கேட்டுத்தான் பாரேன்."

"இப்ப வேண்டாங்க. ஆரன் அடிக்கறாங்க பாருங்க. அப்புறம் கேக்கறேன்."

கல்யாணமான பதினோராம் நாள், திருச்செங்கோட்டில் தங்கள் வீட்டு வாசலில் நின்று ஜெகதீஸ்வரனும் சத்யபிரியாவும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். தெருமுனையில் போர் போடும் ரிக் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். ராய்ப்பூர்ப் பக்கம் எட்டு மாதம் பூமியைத் துளைத்துவிட்டுத்தான் திரும்பி வந்தான்.

நான்கு வருடமாகியும் அந்த 'அப்புறம்' வரவில்லை. கேட்காததை அவனே ஊகித்து ஊகித்து வாங்கி வந்தான். ஜெய்ப்பூர் வளையல், குவாலியர் போர்வை, நாக்பூர் ஆரஞ்சு. எல்லாவற்றுக்கும் அவள் "நல்லா இருக்குதுங்க" என்றாள். போன வருடம் போனில் பேசும்போது, "ஊடு ரொம்ப அமைதியா இருக்குதுங்க" என்றாள்.

ஜெகதீஸ்வரன் ரிக்காரன். தண்ணீர் வரவில்லையா, இன்னும் நூறடி இறக்கு. வீடு அமைதியாக இருக்கிறதா, சத்தம் கொண்டுவா. அடுத்த லீவுக்கு வரும் வழியில் பெங்களூரில் இறங்கி, இரண்டு மினி பன்றிக்குட்டிகளை வாங்கி வந்தான். ஒன்று டீ டம்ளருக்குள் உட்கார்ந்திருந்தது.

"சாகற வரைக்கும் பூனை அளவுதான்" என்று விற்றவன் சத்தியம் செய்திருந்தான்.

பெட்டைக்குச் சத்யா பூந்தி என்று பெயர் வைத்தாள். கடுவன் தூங்கும்போது விட்ட குறட்டையைக் கேட்டு அவன் கம்ப்ரசர் என்று பெயர் வைத்தான். இந்த வருட மழைக்காலத்துக்கு அவன் ஊர் திரும்பியபோது பூந்தி ஐம்பது கிலோ. கம்ப்ரசர் அறுபது. கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"இது சின்ன சாதிதானுங்களே டாக்டர்?"

"சின்ன சாதிதான். யானையோட வெச்சுப் பாத்தா" என்றார் டாக்டர்.

அதையும் பொறுத்துக்கொண்டிருக்கலாம். ஆயுத பூஜை வந்து கெடுத்தது.

பெரியசாமி ரிக் முதலாளி. ரிக், பைப் லாரி என்று அவருக்கு ஏழு வண்டிகள். ஏழையும் கழுவி, சந்தனம் பூசி, மாலை போட்டு, தெருமுனையில் பட்டறை வாசலில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்னும் குங்குமம் அடைத்த பூசணிக்காயைச் சுற்றி உடைத்திருந்தார்கள். திருஷ்டி கழித்த அந்தக் காயை யாரும் மிதிக்கக்கூட மாட்டார்கள். எல்லோரும் பொரி வாங்கப் பட்டறைக்குள் போய்த் திரும்புவதற்குள், ஏழு வண்டிப் பூசணிக்காயும் காணவில்லை. கம்ப்ரசர் கடைசித் துண்டைச் சவைத்துக்கொண்டிருந்தது. பூந்தியின் வாயெல்லாம் குங்குமம்.

ஆட்கள் அரண்டு போனார்கள்.

"ஏப்பா ஜெகதீசு, ஏழு வண்டித் திருஷ்டியும் உன்ற பன்னி வயித்துக்குள்ள கெடக்குது" என்றார் பெரியசாமி. "அதுக உன்ற ஊட்டுல இருக்கற வரைக்கும் நீ ஏறற வண்டியில வேற ஒருத்தனும் ஏற மாட்டேங்கறான். எங்கியாச்சும் தள்ளி விட்டுப்போட்டு வா. இல்லைன்னா பட்டறையைப் பாத்துக்க ஆளில்லாமக் கெடக்குது. நீ இங்கியே இருக்கறதுன்னாலும் எனக்குச் சம்மதந்தான்."

ராத்திரி சோறு போடும்போது சத்யாவிடம் சொன்னான். "பட்டறையில இருக்கச் சொல்றாரு. இல்ல, பன்னிய அனுப்பிப்போட்டு வண்டி ஏறணும்."

சத்யா குழம்பை ஊற்றினாள். "உங்க இஷ்டமுங்க."

இரு என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னால் இருந்துவிடுகிற மனநிலையில்தான் இருந்தான். தானாகப் போய் 'நான் ஊட்டுலயே இருந்துக்கறேன்' என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆகவே வண்டி ஏறுவது என்று முடிவாயிற்று.

"ஆனா ஒண்ணுங்க" என்றாள் சத்யா. "கறிக்குப் போடறவங்ககிட்டக் குடுக்கக்கூடாது."

"சேச்சே, அப்படிக் குடுப்பனா? நம்ம ஊட்டு வாசக் கேட்டு மட்டும் எப்படித் தொறந்துச்சுன்னு தெரியல. தாழ்ப்பாள் போட்டுத்தான இருந்துச்சு? அன்னைக்குத் தவிட்டு மூட்டை எறக்க வந்த அம்மாசியண்ணன்தான் தொறந்து போட்டுட்டுப் போயிருக்கோணும்."

சத்யா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஏழு வண்டிகளும் மூன்று தவணையாகக் கிளம்ப இருந்தன. முதல் தவணைக்கு நான்கு நாள் இருந்தது. எடப்பாடிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த நாச்சிமுத்து அகப்பட்டார். தோப்பெல்லாம் கோரை. பன்றி விட்டால் கிழங்கோடு தோண்டித் தின்றுவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அம்மாசியின் சின்ன யானை டெம்போவில் இரண்டையும் ஏற்றினார்கள். அம்மாசிக்கு ஐம்பத்தைந்து வயது. கம்ப்ரசரைப் பின்னாலிருந்து தள்ளியவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டை நாந் தொறக்கலீங்க தம்பி" என்றார் மூச்சு வாங்க.

"உடுங்கண்ணா. நடந்தது நடந்துபோச்சு" என்று ஜெகதீஸ்வரன் பெருந்தன்மையாக மன்னித்தான்.

மூன்றாம் நாள் காலை, ஜெகதீஸ்வரன் பெட்டியை மூடிக்கொண்டிருந்தபோது வாசலில் டெம்போ வந்து நின்றது. பின்னால் பூந்தியும் கம்ப்ரசரும். அம்மாசி துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கோரையை உட்டுப்போட்டுச் சொட்டுநீர்க் குழாயைக் கடிச்சுப் போட்டுதுகளாமா தம்பி. திருப்பி அனுப்பிட்டாங்க." சொன்னதைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

முதல் தவணை வண்டி போயிற்று. ஜெகதீஸ்வரனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கட்டு சொட்டுநீர்க் குழாய் வாங்கி எடப்பாடிக்கு பஸ்ஸில் போட்டுவிட்டான். சாயங்காலம் நாச்சிமுத்து போன் செய்தார்.

"எதுக்குங்க இதெல்லாம்? நானா ஏதாச்சும் கேட்டனா?"

"உங்களுக்குச் சங்கடம் பண்ணிப்போட்டமுங்க."

"சங்கடம் என்னங்க. பொம்பளைங்க மனசு அப்படித்தான். நாம என்ன பண்றது?"

நாச்சிமுத்துவின் மனைவி ரொம்பக் கோபக்காரி போலும் என்று ஜெகதீஸ்வரன் நினைத்துக்கொண்டான். மறுநாள் நாச்சிமுத்து பதில் மரியாதையாக ஒரு மூட்டை தேங்காய் அனுப்பினார். கம்ப்ரசர் ஒன்பதை உடைத்துத் தின்றுவிட்டு, வயிறு கடுத்து, நடு ஹாலிலேயே பாதியைத் திருப்பிக் கொடுத்தது.

அடுத்தது ஓர் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல். அங்கே மெஸ்ஸைப் பார்த்துக்கொள்ளும் தனபால் இவனோடு பள்ளியில் படித்தவன். "மிஞ்சற சோத்துக்கே ரெண்டு பன்னி பத்தாது மாப்ள, கொண்டா" என்றான். கொட்டகையும் இருந்தது, நிழலும் இருந்தது. சத்யா வழியனுப்பக்கூட வரவில்லை. ஜாக்கெட் தைக்கிற வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று மெஷினிலேயே உட்கார்ந்திருந்தாள். தாங்க முடியாமல்தான் வரவில்லை என்று ஜெகதீஸ்வரன் எண்ணிக்கொண்டான். பன்றி போன மறுநாள் அவள் ஒரு மூட்டைத் தவிடு வாங்கிப் போட்டிருந்தாள். பழக்கதோஷம், பாவம்.

ஐந்தாம் நாள் டெம்போ வந்தது. தைல வாசனை அம்மாசிக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்தது.

"என்னாச்சுங்கண்ணா?"

அம்மாசி ஒருமுறை சத்யாவைப் பார்த்தார். "பசங்க பரீட்சைக்குப் படிக்கறாங்களாமா. இது கொறட்டை உடுதாமா."

இரண்டாம் தவணையும் போயிற்று. ஜெகதீஸ்வரன் இரண்டு கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு தனபாலிடம் மன்னிப்புக் கேட்கப் போனான். தனபால் மிக்சரை வாங்கிக்கொண்டு அவன் தோளில் தட்டினான்.

"நீ எதுக்குடா மன்னிப்புக் கேக்கற? ஊட்டுல ஒரு ஆள நல்லாப் பாத்துக்க."

அந்த ஓர் ஆள் கம்ப்ரசர் என்றே ஜெகதீஸ்வரன் எடுத்துக்கொண்டான். வரும் வழியில் அதற்கு மூக்கடைப்பு மருந்தும் வாங்கினான்.

கடைசித் தவணை வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு. பெரியசாமி போனில் கறாராகச் சொல்லிவிட்டார். "இதுல நீ ஏறலைன்னா வேற ட்ரில்லரைப் போட்டுக்குவேன். அப்புறம் வருத்தப்படக்கூடாது."

ஜெகதீஸ்வரன் அலைந்து திரிந்து பிடித்த கடைசி இடம் சேலம் சூரமங்கலம். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையர் ஆன தோமினிக்கும் அவர் மனைவி இசபெல்லாவும் தனியாக இருந்தார்கள். ஜங்ஷனுக்குப் பின்னால் வீடு, சுற்றிலும் மதில், பின்பக்கம் கொய்யா மரம். இந்தத் தடவை சத்யாவும் உடன் வந்தாள்.

இடம் பிடித்திருந்தது. ஜெகதீஸ்வரனுக்கு ஒரே ஒரு சந்தேகம். டிசம்பர் நெருங்கிக்கொண்டிருந்தது.

"உங்க ஊட்டுல கிறிஸ்துமஸுக்கு என்னங்க விசேஷம்?" என்று மெல்ல ஆரம்பித்தான்.

"கேக் போடுவோம்" என்றார் தோமினிக்.

"அப்புறமுங்க?"

"பாயசம்."

"அப்புறமுங்க? கொழம்பு மாதிரி ஏதாச்சும்..."

இசபெல்லா சிரித்தார். "தம்பி, சுத்தி வளைக்காதீங்க. இதுகளை வெட்டிருவோமான்னுதான கேக்கறீங்க? இவருக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் இருக்கு. முட்டையில மஞ்சக்கருவையே நான் கண்ணுல காட்டறதில்ல."

"நாலு வருஷமாச்சு தம்பி" என்றார் தோமினிக். சொல்லிவிட்டுக் கம்ப்ரசரை ஒரு பழைய சிநேகிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அந்தப் பக்கம் பாக்காதீங்க" என்றார் இசபெல்லா.

கிளம்பும்போது சத்யாவும் இசபெல்லாவும் கொய்யா மரத்தடியில் வெகுநேரம் பேசினார்கள். இசபெல்லா அவள் கன்னத்தைத் தட்டி, போன் நம்பர் வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் கண்ணும் ஈரமாக இருந்தது. இதைவிட நல்ல இடம் பன்றிகளுக்கு அமையப்போவதில்லை என்று ஜெகதீஸ்வரனுக்கு உறுதியாயிற்று.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. சத்யா வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுச்சோற்றுப் பொட்டலத்தை நான்காவது தடவையாகப் பிரித்து மறுபடி கட்டினாள்.

"ஏதாச்சும் வேணுமா சத்யா? கேளு" என்றான் வழக்கம்போல.

அவள் வாயைத் திறந்தாள். தெருவில் ஆரன் கேட்டது. ரிக் வண்டி ஆரன் இல்லை. சின்ன யானை ஆரன்.

பூந்தி முதலில் இறங்கியது. கம்ப்ரசரை இறக்க நேரமாயிற்று. அம்மாசியின் சட்டைக்குமேல் டாக்டர் கொடுத்த அகலமான இடுப்பு பெல்ட் இருந்தது.

"இப்ப என்னங்கண்ணா?"

"ரயில் சத்தத்துக்குப் பயந்துக்குதாமா."

"பயப்படுதா? அது கொறட்டை உட்டா ரயிலே பயப்படும். சும்மா இருங்க." ஜெகதீஸ்வரனுக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "தோமினிக் சாருக்குப் போனைப் போடறேன். நேருலயே கேட்டுப்போடறேன்."

"அவருக்கு போன் ரிப்பேருங்க" என்றாள் சத்யா அவசரமாக.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இருக்கும்னு நெனச்சேங்க."

"அப்படின்னா சேலத்துக்கே போறேன். நாலு மணிக்குள்ள வர முடியாது, வண்டிய சங்ககிரியில நிறுத்தச் சொல்லி அங்க ஏறிக்கறேன். அம்மாசியண்ணா, மறுக்கா ஏத்துங்க."

அம்மாசி ஏற்றவில்லை. போன மாதம் சத்யா வாங்கிப் போட்ட தவிட்டு மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார். கம்ப்ரசர் அவர் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கத் தொடங்கியது.

"என்னால ஆவாதுங்க தம்பி."

"வாடகை வேணும்னா சேத்தி வாங்கிக்கங்க."

"வாடகையெல்லாம் வந்துபோட்டுதுங்க. போறதுக்கு நீங்க குடுத்தீங்க, வாரதுக்கு அம்மிணி குடுத்துச்சு."

ஜெகதீஸ்வரன் திரும்பினான். சத்யா கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"மூணு நடையும் அம்மிணிதானுங்க போன் போட்டு, 'அண்ணா, போய்க் கூட்டிட்டு வந்துருங்க, ஆகாத காரணமாப் பாத்து ஏதாச்சும் சொல்லிப்போடுங்க'ன்னுச்சு. எனக்குப் பொய்யும் வரலை, இடுப்பும் போச்சு. பன்னிக்கு எடம் அமைஞ்சுதுன்னா நீங்க வண்டி ஏறிப்போடுவீங்களாமா." அம்மாசி பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டார். "இன்னொண்ணுங்க. அன்னைக்குக் கேட்டைத் தொறந்து உட்டதும் நான் இல்லீங்க."

சத்யாவின் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது.

ஜெகதீஸ்வரனுக்கு எடப்பாடித் தேங்காய் ஞாபகம் வந்தது. தனபால் தோளில் தட்டியது ஞாபகம் வந்தது. கொய்யா மரத்தடி ஞாபகம் வந்தது. சேலம் ஜில்லாவுக்கும் நாமக்கல் ஜில்லாவுக்கும் தெரிந்த ஒரு விஷயம் தனக்கு மட்டும் தெரியாமல் போயிருக்கிறது. சட்டைப்பையில் போன் அடித்தது. பெரியசாமி. அவன் எடுக்கவில்லை.

"அம்மிணி" என்றார் அம்மாசி. "அந்த ஒரு வார்த்தைய வாயத் தொறந்து கேட்டுப்போடு சாமி. நாலாவது நடைக்கு எனக்கு வேற இடுப்பு இல்ல."

தெருமுனையில் ரிக் வண்டி உறுமி, ஆரன் அடித்தது. சத்யா நிமிர்ந்தாள்.

"அன்னைக்கு, அப்புறம் கேக்கறேன்னு சொன்னனுங்களே" என்றாள். "போவாதீங்க."