கைராசிக்காரரும் காலிப் பெட்டியும்

அந்தக் கட்டடம் முழுக்க ஒரே பேச்சு: கைராசிக்காரர் வருகிறார்! எந்த அலுவலகத்தின் சர்வர் கம்ப்யூட்டரானாலும் சரி, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடுவார். எவ்வளவு மெமரி வேண்டும் என்று அதுவே அவரிடம் சொல்லிவிடுமாம். கேட்ட மெமரி அவர் பையிலேயே இருக்குமாம். என்ன பொருத்தம்!

வக்கீலும் பல் மருத்துவரும் ஏற்கெனவே வாங்கிப் போட்டாயிற்று. வேகம் கூடியதா என்று கேட்டால், "கூடின மாதிரிதான் இருக்கு" என்றார்கள். கொடுத்த காசு அப்படிப் பேச வைக்கும்.

அடுத்த அழைப்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து. அங்கே நிலைமை மோசம். ஒரு பெயரைத் தேடச் சொன்னால் கம்ப்யூட்டர் கொட்டாவி விட்டது. ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். முந்தின நாள் ஒரு கர்ப்பிணி நின்று நின்று மயங்கியே விழுந்துவிட்டாள்.

கூடத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மருமகள்.

"மாமா, மெமரி போதும். இருக்கறதுலயே பாதிக்கு மேல சும்மா கிடக்கு."

"நீ சும்மா இரும்மா. அவரு கைய வெச்சா தப்பாது."

"சரி, வைக்கட்டும்."

கைராசிக்காரர் வந்தார். வேடிக்கை பார்க்க மற்ற அலுவலகக்காரர்களும் திரண்டார்கள். மேசை மேல் உறுமிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியை மருமகள் காட்டினாள். அவர் கையை வைத்தார். உடம்பு நடுங்கியது. கண்ணோரம் ஈரம் வேறு!

"ஐயோ, மூச்சு முட்டுதே இதுக்கு! நூத்தி இருபத்தெட்டு ஜிபி கேக்குது."

"கொஞ்சம் குறைச்சுக்காதா?" என்றார் மாமா பரிதாபமாக.

"கதறுது சார்!"

மருமகள் திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். உள்ளே ஒரு சின்ன மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

"இது பழைய காலிப் பெட்டி. சர்வர் பக்கத்து ரூம்ல இருக்கு. அப்ப, கதறினது யாருங்க?"

பல் மருத்துவர் எட்டிப் பார்த்தார். கைராசிக்காரரும் எட்டிப் பார்த்தார்! "ஒரே சத்தம், சரியா கேக்கல" என்று முனகியபடி பையை எடுத்தார். வக்கீல் பையின் இன்னொரு பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"எங்கய்யா போற? நில்லு!"

மருமகள் மாமாவைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள்.

"இத்தனை வருஷத்து ரிப்போர்ட்டும் சேர்ந்தே மூணு ஜிபிதான் மாமா. மெஷின்ல பதினாறு இருக்கு. மெமரி போதுமான்னு தெரிய, தினமும் புழங்கறது அதுக்குள்ள அடங்குதா, மிச்சம் இருக்கான்னு பாத்தா போதும். கோளாறு வேற. ஒரு பேரைத் தேட மொத்தத்தையும் முதல்லேர்ந்து புரட்டுது. எது எங்க இருக்குன்னு பேர்வாரியா ஒரு இன்டெக்ஸ் போட்டா சரியாயிடும்."

போட்டாள். அடுத்த பெயரைத் தட்டி முடிப்பதற்குள் ரிப்போர்ட் திரையில் வந்து நின்றது. வரிசை மளமளவென்று கரைந்தது. மாமா யார் முகத்தையும் பார்க்காமல், தானே எழுந்து ரிப்போர்ட்டுகளைக் கொடுக்க ஆரம்பித்தார்.

மெமரி போதாவிட்டால் கடையில் கிடைக்கும். புத்தியை எந்தக் கடையிலும் விற்பதில்லை. இருப்பதையாவது பயன்படுத்துங்கள், ஐயாமாரே!