பத்தரை வடிவங்களின் சேதாரம்

இக்கதையை நான் முதன்முதலாகக் கேட்டது 1981ஆம் ஆண்டு ஆனி மாதம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், ஊடை நூலைத் தார்க்குழலில் சுற்றும் கங்கையம்மாளிடம். சொல்லி முடிக்கும் வரை அவர் ராட்டையை நிறுத்தவில்லை. ராட்டையின் ஒலியில் சில சொற்கள் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. அவற்றைப் பிறரிடம் கேட்டு நிரப்பியுள்ளேன்.

1974ஆம் ஆண்டு சித்திரையில், அவ்வூர்ப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றுக்கு மேலிடத்து ஆணை வந்து சேர்ந்தது. பிரேசில் நாட்டுப் பட்டு வல்லுநர் மூவர் ஆவணியில் வருகை புரிய இருப்பதால், அன்னாரை அன்னாரது மொழியாகிய போர்த்துகீசியத்திலேயே வரவேற்கும் பொருட்டு, தறிக்கு ஒருவர் அம்மொழியைக் கற்றுத் தேர்ச்சிச் சீட்டுப் பெறல் வேண்டும். சீட்டு இல்லாத தறிக்கு, பாவும் ஊடையுமாகிய நெசவு நூல் வழங்கலாகாது.

கற்பிக்க ஆள் தேடியதில், தென்னேரிப் பக்கத்துச் சமண வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஜீவந்தரன் அகப்பட்டார். அவர் கோவாவில் ஈராண்டு வேர்க்கடலை வியாபாரம் செய்து நஷ்டப்பட்டவர். நஷ்டப்படும் அளவுக்கு அம்மக்களோடு பேசியிருக்கிறார் என்பதே அவரது தகுதியாகக் கொள்ளப்பட்டது. அவரிடம் போர்த்துகீசிய இலக்கணப் புத்தகம் ஒன்றும் இருந்தது. பெரும்பாலான பக்கங்கள் கடலை மடிக்கப் போய்விட, ஒரே ஓர் அதிகாரம் மிஞ்சியிருந்தது. ஒழுங்குக்கு அடங்காத ஏழு வினைச்சொற்கள் நிகழ்கால ஐயவினையில் எவ்வாறு உருமாறும் என்பதைக் கூறும் அதிகாரம் அது. ஐயவினையாவது, நடப்பதைச் சொல்லாமல், நடக்கட்டும் என்ற விருப்பத்தையும் நடக்குமோ என்ற சந்தேகத்தையும் சொல்வது.

“மீதி அதிகாரமெல்லாம் எங்கே?” என்று கேட்டார் சங்கத்தின் தனி அலுவலர் கலியாணசுந்தரம்.

“மீதியெல்லாம் ஒழுங்கான வினைங்க சார்.”

“ஒழுங்கா இருக்கறதுக்குச் சங்கம் எதுக்கு? ஒழுங்கில்லாததை மட்டும் நடத்துங்க.”

பாடத்திட்டம் இவ்வாறு இறுதி செய்யப்பட்டது. ஏழு வினைகள்; நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என ஒவ்வொன்றுக்கும் ஆறு வடிவங்கள்; ஆக நாற்பத்திரண்டு. பாடம் வழங்கியதைப் பதிவு செய்யத் தனிப் படிவம் இல்லாமையால், வேகவைக்காத கோராப் பட்டு வழங்கும் படிவத்திலேயே ‘பொருள்: வினை’ என்று எழுதி ஒவ்வொருவரிடமும் கையொப்பம் பெறப்பட்டது.

ஒரு திங்களுக்குள் ஊர் முழுவதும் இம்மொழி நாகரிகமாயிற்று. டீக்கடையில் ‘இரு’ என்னும் வினையைச் ‘சேஜா, சேஜாஷ், சேஜா’ என்று சொல்லாதவருக்குக் கண்ணாடித் தம்ளர் தரப்படவில்லை. தையற்கடை ஒன்று ‘சேஜா டைலர்ஸ்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள், பாடத் தெரியுமா என்று கேட்பதை விட்டு, ‘போ’ என்னும் வினையை ஆறு வடிவத்திலும் சொல்லச் சொன்னார்கள்.

நெசவாளர் பஞ்சாட்சரத்தின் தறி பங்குனியிலிருந்து வெறுந்தறியாய் நின்றது. ஆவணி முகூர்த்தத்துக்கு முன் பாவு வராவிட்டால் தறியைப் பிரித்துவிட்டு அண்ணன் வீட்டில் கூலிக்கு உட்கார வேண்டும். அண்ணியோ சோற்றோடு சொல்லும் பரிமாறுகிறவள். பஞ்சாட்சரம் ஐந்து நாள் முயன்றும் இரண்டாம் வினையைத் தாண்டவில்லை. ஆகவே அவர் மனைவி கலாவதியின் பெயர் கொடுக்கப்பட்டது.

கலாவதி அக்கம்பக்கத்துத் தறிகளுக்குப் பாவு பிணைக்கிறவள். பழைய பாவின் முனையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை அது. ஆயிரக்கணக்கான இழைகளில் ஒன்றை விட்டாலும் சேலையில் கோடு விழும். அவள் இழைக்கு ஒரு வடிவமாகச் சொல்லிச் சொல்லிப் பிணைத்தாள். விட்டுப்போதல் என்பது அவள் கைக்குப் பழக்கமில்லை.

தேர்வு நாளில் நாற்பத்திரண்டும் தடங்கலின்றி வந்து விழுந்தன.

“இன்னொருவாட்டி சொல்லும்மா” என்றார் அலுவலர். சொன்னாள். விரல்விட்டு எண்ணிய எழுத்தர் குமாரசாமி, “நாப்பத்திரண்டும் வந்துடுச்சி சார்” என்றார்.

அலுவலரின் முகம் இருண்டது. “சேதாரம் எங்கே?”

“இன்னா சேதாரம் சார்?” என்றாள் கலாவதி.

“கோராப் பட்டை வேகவெச்சா இன்னாம்மா ஆவும்?”

“பசை போயி கால்பங்கு எடை கொறையும்.”

“கொறையலேன்னா?”

“கலப்படம் சார்.”

“நீயே ஒத்துக்கினே. குமாரசாமி, எழுதிக்கோ.”

படிவத்தின் பின்புறம் விதி தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது: வழங்கிய பொருள் கால்பங்கு குறைந்தே திரும்ப வேண்டும். நாற்பத்திரண்டில் கால்பங்கு பத்தரை. அவ்விதிப்படி, முப்பத்தொன்று சொல்லி அடுத்ததன் பாதியில் கொட்டாவி விட்ட பழனி முதல் வகுப்பில் தேறினார். இருபது மட்டும் சொன்னவர்கள், மீதியை வெளியில் விற்றிருக்கக்கூடும் என எச்சரிக்கப்பட்டனர். ஒன்றுமே குறையாதவள் கலாவதி ஒருத்திதான்.

வாசலில் பஞ்சாட்சரம் காத்திருந்தார். “இன்னா சொன்னாங்க கலா?”

“பத்தரை வடிவத்தை மறந்துட்டு வரச் சொல்றாங்க.”

“மறந்துடேன். அதுக்கு இன்னா இப்போ?”

“பொண்ணு கேக்க வந்தப்போ எங்க அப்பா கிட்ட நீங்க அளந்ததே இன்னும் மறக்கல. இதை எப்பிடிங்க மறக்கறது?”

மறுநாள் கலாவதி, “பத்தரை மறந்துடுச்சின்னு எழுதிக்கோங்க சார்” என்றாள்.

“எந்தப் பத்தரைன்னு மூணு பிரதியில பட்டியல் குடு.”

கொடுத்தாள். அலுவலர் அதை மேலும் கீழும் பார்த்தார். “மறந்ததுன்னு சொல்றே, அடித்தல் திருத்தல் இல்லாம எழுதிக்கினு வந்திருக்கியே?”

“தப்பா எழுதட்டுமா?”

“தப்பான பட்டியல் செல்லாது.”

“அப்போ மறக்காம எழுதினா மறக்கலேன்றீங்க, மறந்துட்டு எழுதினா செல்லாதுன்றீங்க.”

“புரிஞ்சிக்கினியே, அதான் வேணும்.”

இதற்குள் ஊரின் நாகரிகமும் மாறியது. மறதியே மதிப்பாயிற்று. தையற்காரர் தம் பலகையில் ‘சே’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் சுண்ணாம்பால் அழித்தார். “எங்க பொண்ணு பன்னெண்டு மறந்துட்டாளே!” என்று தாய்மார் பூரித்தனர்.

கலாவதியின் பட்டியல் சரிதானா என்று சான்றளிக்க அலுவலகத்துக்கு ஒருவர் தேவைப்பட்டார். ஜீவந்தரன் புத்தகத்தைப் பார்த்தால் சொல்வேன் என்றார். புத்தகத்தின் அந்த ஓர் அதிகாரமோ கோப்பின் இணைப்பாகச் சென்னைக்குப் போயிருந்தது. மாவட்டம் முழுவதும் விசாரித்ததில், நாற்பத்திரண்டையும் அறிந்தவர் ஒருவரே எனத் தெரியவந்தது. எனவே திருமதி கலாவதி மூன்று நாள்களுக்குத் தற்காலிகச் சரிபார்ப்பு அலுவலராக நியமிக்கப்பட்டார். நாற்காலி, மேசை, முத்திரை ஆகியவை அளிக்கப்பட்டன. சீட்டுக் கிடைக்காத தறிகளின் தீராத கோப்புகள் பத்தொன்பது. முதல் கோப்பு அவளுடையது.

முதல் நாள் பஞ்சாட்சரம் சாக்கோடு வந்து நின்றார். “கலா, முத்திரையைக் குத்து. பாவை வாங்கிக்கினு போயிடறேன்.”

கலாவதி கோப்பைப் பிரித்தாள். “மனுதாரர் வந்திருக்காங்களா?”

“நீதானடி மனுதாரர்!”

“அலுவலரை ‘டி’ போட்டுப் பேசக் கூடாது. மனுதாரர் நேர்ல வந்து பெஞ்சில குந்தணும்.”

“அதுவும் நீதானே!”

அது நியாயம் என்று கலாவதிக்குப் பட்டது. எழுந்து போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சார், என் கோப்பு இன்னா ஆச்சி?” என்றாள்.

“அலுவலர் சீட்ல இல்லம்மா. உக்காரு, வருவாங்க” என்றார் குமாரசாமி.

காத்திருந்தாள். அலுவலர் வரவில்லை. கோபம் வந்து எழுந்து நாற்காலிக்குப் போனாள்; பார்த்தால் பெஞ்சில் மனுதாரர் இல்லை. “கூப்பிட்ட நேரத்துக்கு இருக்க மாட்டாங்க, அப்புறம் ஆபீஸைக் குத்தம் சொல்லுவாங்க” என்று குமாரசாமியிடம் நொந்துகொண்டாள். மூன்று நாளும் இவ்வாறே கழிந்தது. மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு, ‘பலமுறை வாய்ப்பளித்தும் மனுதாரர் நேரில் வராமையால் தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று எழுதி முத்திரை குத்தினாள்.

“ஏம்மா, வூட்டுல தறி சும்மா நிக்குதே!” என்றார் பஞ்சாட்சரம். அந்த மூன்று நாளில் அவர் பேச்சில் மரியாதை வந்திருந்தது.

“எனக்கு மட்டும் ஆசையா? மனுதாரர் பொறுப்பா வந்திருக்கணும்” என்றாள் கலாவதி.

பஞ்சாட்சரம் வெறுஞ்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தார். பிரேசில் வல்லுநர்கள் அந்த ஆவணியில் வரவில்லை; அடுத்த ஆவணியிலும் வரவில்லை. கங்கையம்மாள் கூறும் வடிவம் இத்துடன் முடிகிறது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் சொல்லப்படும் முடிவு வேறு. அங்கே கலாவதி முதல் நாளே தன் கோப்பில் முத்திரை குத்திவிடுகிறாள்; பாவு வீடு வந்து தறியில் ஏறுகிறது. அதுவரை அவளுக்காகப் பரிந்து பேசிய மற்றப் பதினெட்டுக் கோப்புகளின் வீட்டாரும் ஒன்று கூடி, ‘மனுதாரரும் அலுவலரும் ஒரே இலையில் உண்பதாக அறிகிறோம்’ என்று மேலிடத்துக்கு எழுதுகின்றனர். ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து, இரண்டு முழம் நெய்த நிலையில் பாவை அறுத்து எடுத்துப்போகின்றனர். அவ்வடிவத்தைச் சொன்ன கிருஷ்ணம்மாளிடம், அந்த மனு உண்மையில் எழுதப்பட்டதா என்று கேட்டேன். “எழுதாம? ஏழாவது கையெழுத்து என்னுதுதான். மொதல்ல போடணும்னுதான் ஓடினேன், அதுக்குள்ள வரிசை நின்னுடுச்சி” என்றார்.